முதலாளி பெயரில் ஒரு நலம் விசாரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்று எனக்குப் புது வேலை கிடைத்தது. பழைய வேலையும் அப்படியே இருக்கிறது. சம்பளமும் அப்படியே இருக்கிறது.

காலையில் முதலாளி கூப்பிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது. எப்போதும் அப்படித்தான், இன்று கொஞ்சம் கூடுதல். பெரிய குடியிருப்பு ஒன்றின் லிஃப்ட் பராமரிப்பு எங்களுக்குத்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். வேறு யாருக்கோ போய்விட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொன்ன காரணம்தான் முதலாளிக்குத் தாங்கவில்லை. "உங்களை நெட்ல தேடிப் பார்த்தோம் சார். பேரே வரல. அப்படி ஒரு கம்பெனி இருக்கான்னே சந்தேகமாயிடுச்சு."

ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிற மனிதர். இருக்கிறாரா என்று சந்தேகமாம்.

"அது என்னவோ லிங்க்ட்இன்னு சொல்றாங்களே, அதுல என் பேர்ல ஒண்ணு திறம்மா. நாலு பேருக்குத் தெரியட்டும்."

"என்ன எழுதணும்னு நீங்க சொன்னீங்கன்னா..."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே எழுது. என்னைக் கேக்காத."

கணக்கு, போன், புகார்ப் பதிவு, மெக்கானிக்குகளின் லீவு, டீத்தூள். இத்தனையோடு இனி முதலாளியாகவும் இருக்க வேண்டும். படம் எடுக்க ஜன்னலோரம் நிறுத்தினேன். "கொஞ்சம் சிரிங்க சார்" என்றேன். "எதுக்கு?" என்று அவர் கேட்ட நொடியில் க்ளிக் ஆகிவிட்டது. அந்த "எதுக்கு" முகம்தான் இப்போது உலகம் முழுக்கத் தெரிகிறது.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "அப்ப இனிமே நான் முதலாளியோட வீட்டுக்காரரா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

மார்ச் 5, வியாழன்

நாத்தனார் பாடம் எடுத்தாள். இவருடைய தங்கை, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆபீசில் வேலை. நாள் முழுக்க அந்தத் தளத்திலேயே குடியிருப்பவள்.

"அண்ணி, போன உடனே வேலை குடுங்கன்னு கேக்கக் கூடாது. புதுசா ஒரு வீட்டுக்குப் போனா நேரா அடுப்படியில நுழைஞ்சு பாத்திரத்தைத் திறந்து பார்ப்பீங்களா? முதல்ல உட்காரணும். நாலு வார்த்தை பேசணும்."

உட்கார்ந்து, மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தேன். அங்கே யாருமே சும்மா வேலைக்குப் போவதில்லை. எல்லோரும் "பயணம்" போகிறார்கள். வேலையை விட்டால் "ஓர் அத்தியாயம் நிறைவடைகிறது". மேனேஜரோடு சண்டை என்று ஒருவர்கூட எழுதவில்லை. பதவி உயர்வு கிடைத்தவர்கள் எல்லோரும் "பணிவுடன்" தெரிவிக்கிறார்கள். இத்தனை பணிவை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பணிவுக்கும் மாலை போட்ட படம் வேறு.

மார்ச் 9, திங்கள்

முதலாளியின் முதல் பதிவு: "செங்குத்துப் போக்குவரத்துத் துறையில் நம்பகத்தன்மையின் மறுபெயர் நாங்கள்."

மூன்று லைக். நான், நாத்தனார், இவர். இவர் அதற்காகவே கணக்குத் திறந்தார், பாவம்.

"அண்ணி, செங்குத்துப் போக்குவரத்துன்னா என்ன?"

"லிஃப்டுதான்."

"அப்ப லிஃப்டுன்னே சொல்லுங்களேன்."

மார்ச் 12, வியாழன்

இன்று அதிசயம்.

காலையில் ஒரு லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஓர் அம்மா மாட்டிக்கொண்டார். மெக்கானிக் போய்ச் சேரும் வரை முதலாளியே போனில் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேசை. காதில் விழுந்தது.

"பயப்படாதீங்கம்மா. லிஃப்ட் நின்னா கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. ஏதோ சரியில்லன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் நிக்குது. ஓடக் கூடாத நேரத்துல ஓடுற லிஃப்டுக்குத்தான் பயப்படணும். நின்ன லிஃப்ட் உங்களைக் காப்பாத்திட்டு இருக்கு. உள்ள காத்து வருதுல்ல? கீழ உட்காருங்க. உங்க பேரப்பிள்ளைங்க எத்தனை பேர்?"

பேரப்பிள்ளைகள் கதை முடிவதற்குள் கதவு திறந்துவிட்டது. முதலாளி போனை வைத்துவிட்டு, "டீ எங்க?" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே தட்டிப் போட்டேன். "ஓடக் கூடாத நேரத்தில் ஓடுகிற லிஃப்டுக்குத்தான் பயப்பட வேண்டும்." மதியத்துக்குள் ஆர்கிடெக்ட், கட்டட மேலாளர், ஆஸ்பத்திரி நிர்வாகி என்று யார் யாரோ வந்து லைக் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர், "இதை எங்கள் லிஃப்டுக்குள் ஒட்டப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

ஆக, முதலாளிக்கு நான் வார்த்தை தேட வேண்டாம். அவர் கொட்டுகிறார், நான் பொறுக்கினால் போதும்.

மார்ச் 18, புதன்

தினமும் டீக்குப் பிறகு கொஞ்ச நேரம் அறிமுகக் கோரிக்கை அனுப்புகிறேன். கட்டட மேலாளர்களாகப் பார்த்து, அவர்கள் கட்டடத்தைப் பற்றி ஒரு வரி விசாரித்து. நாத்தனார் சொன்னபடி பாத்திரத்தைத் திறக்கவில்லை.

இன்று சறுக்கிவிட்டேன். "இவர் பணியில் ஐந்தாண்டு நிறைவு செய்கிறார், வாழ்த்துங்கள்" என்று தளமே ஓர் ஆளைக் காட்டியது. வாழ்த்தினேன். உடனே பதில்: "நேற்றுத்தான் ராஜினாமா செய்தேன்."

ஐயோ! என்ன எழுதுவது? யோசித்து யோசித்து, "அப்படியானால் இன்று நன்றாகத் தூங்கி எழுந்திருப்பீர்கள்" என்று போட்டேன். அவர் சிரிக்கும் பொம்மை அனுப்பினார். தப்பித்தேன்.

மார்ச் 26, வியாழன்

ஒரு கமென்ட் வந்திருக்கிறது. பெயரைப் பார்த்ததும் கதவைச் சாத்தினேன். திரையில் வந்த பெயருக்குக் கதவு என்ன செய்யும்?

முதலாளியின் மைத்துனர். அக்காவின் ஒரே தம்பி. அக்கா என்று நான் சொல்வது முதலாளியின் மனைவியை. அந்தப் பெயரை இந்த ஆபீசில் யாரும் உச்சரிப்பதில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். புது லிஃப்ட் பொருத்தும் வேலையிலும் இறங்கலாம் என்றார் அவர். பராமரிப்பு போதும், கையில் இருப்பதை ஒழுங்காகப் பார்ப்போம் என்றார் முதலாளி. ஒருநாள் இந்த அறையில் வைத்தே முற்றிவிட்டது. "நீங்க மேலயும் போக மாட்டீங்க, கீழயும் வர மாட்டீங்க. நடுவுலயே நிப்பீங்க அத்தான்!" என்று கத்திவிட்டு இறங்கிப் போனார். நல்ல மெக்கானிக்குகள் இரண்டு பேர் அவரோடு போனார்கள். ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது அவர் பெரிய ஆள், பொருத்தும் வேலையில் நல்ல பெயர்.

கமென்ட் இதுதான்: "அருமையான பதிவு. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் நல்ல லிஃப்ட்."

அவ்வளவு பெரிய கம்பெனியில் அவரே உட்கார்ந்தா எழுதுவார்? அங்கேயும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். யார், எவர் என்று தெரியாமல் போட்டிருப்பாள்.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். "கமென்டுக்குப் பதில் போடலன்னா, வாசலுக்கு வந்தவங்களை வான்னு கூப்பிடாம நிக்க வெச்ச மாதிரி அண்ணி" என்றாள்.

"நன்றி. நீங்கள் நலமா?" என்று போட்டேன். இதில் என்ன வந்துவிடப் போகிறது?

ஏப்ரல் 2, வியாழன்

எதிர்க்கம்பெனிக்காரி கெட்டிக்காரி.

லிஃப்டுக்குள் கண்ணாடி வைப்பது அழகுக்காக மட்டும் இல்லை, சக்கர நாற்காலியில் வருகிறவர் பின்பக்கமாக வெளியே வரும்போது வழி தெரிய வேண்டும் என்று முதலாளி ஓர் ஆர்கிடெக்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்கிப் பதிவாகப் போட்டேன். உடனே அங்கிருந்து: "எங்கள் கட்டடத்தில் கண்ணாடி வைத்த பிறகு, படியேறிப் போனவர்கள்கூட லிஃப்டுக்கு வந்துவிட்டார்கள். தலை வாரும் செலவு எங்கள் கணக்கில்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர்கள் புதிதாகப் பொருத்திய லிஃப்டின் காணொளிக்குக் கீழே நானும் எழுதினேன்: "கதவு சத்தமே இல்லாமல் மூடுகிறது. நல்ல வேலை. வெயில் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவளைக் கற்பனை செய்து பார்க்கிறேன். என்னைப் போலவே ஆடும் நாற்காலி. குளிரும் ஏசிக்கு நேர் கீழே இடம். மதியம் டப்பாவைத் திறந்துகொண்டே கமென்ட் போடுவாள். ஒருநாள் பார்த்தால் இரண்டு பேரும் நன்றாகப் பேசுவோம்.

"உனக்குன்னு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா. அதுவும் முதலாளி செலவுல" என்கிறார் இவர்.

ஏப்ரல் 10, வெள்ளி

அக்கா ஆபீசுக்கு வந்தார். வழக்கமாக முதலாளியின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விடுவார். இன்று உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார். முதலாளி வெளியே போயிருக்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நான் போட்ட கமென்டுகள். எல்லாம் படமெடுத்து வைத்திருக்கிறார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு காட்டினா. இவர் என் தம்பிகிட்ட பேசறாரும்மா. 'உடம்பைப் பார்த்துக்கோ'ன்னு எழுதியிருக்கார் பாரு. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேக்கல. கேட்டா கூச்சப்பட்டு நிறுத்திடுவாரோன்னு பயம்."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "டீ சாப்பிடறீங்களா அக்கா?" என்றுதான் வந்தது.

ஏப்ரல் 16, வியாழன்

ராஜினாமா செய்தாரே, அவருக்குப் புது இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. இரண்டு புதுக் கோபுரக் கட்டடங்களுக்கு அவர்தான் மேலாளர். "லிஃப்ட் பொருத்துவதிலிருந்து பராமரிப்பு வரை ஒரே கையில் கொடுக்க நினைக்கிறோம். உங்களால் முடியுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

முதலாளியிடம் சொன்னேன். "பராமரிப்புன்னா பண்ணலாம். பொருத்தறது நம்மகிட்ட இல்லையே" என்றார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, எதிர்க்கட்டடத்துச் சுவர்தான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

தனிச்செய்தி வந்தது. எதிர்க்கம்பெனிக்காரி ஏதோ வேடிக்கையாக எழுதியிருப்பாள் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன்.

"அத்தான், எல்லார் முன்னாலும் இத்தனை நாள் பேசியாயிற்று. தனியாக ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு. அக்காவைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போன மாதம் சிக்னலில் உங்கள் வண்டி என் பக்கத்தில்தான் நின்றது. இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தோம்."

எந்த ஆபீஸ்காரியும் "அக்காவைப் பார்க்க வரலாமா" என்று எழுத மாட்டாள்.

அங்கே ஒருத்தியும் இல்லை. ஆடும் நாற்காலி, ஏசி, டப்பா, ஒன்றுமே இல்லை. அது அவரேதான். நான் போட்ட ஒவ்வொரு "நலமா"வையும் அந்த மனுஷர் அத்தான் கேட்டதாக நினைத்து... நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? யார் என்னை நலம் விசாரிக்கச் சொன்னது?

இவர் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் காட்டினேன். படித்துவிட்டு ஈரச் சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ பதில் எழுதாத. இது உனக்கு வந்தது இல்ல."

"நான் படிச்சது அவருக்குத் தெரிஞ்சுடுமே!"

தெரிந்தேவிட்டது. செய்திக்குக் கீழே, படித்தாயிற்று என்பதற்கு அடையாளமாக, முதலாளியின் சின்னப் படம் போய் உட்கார்ந்திருக்கிறது. "எதுக்கு?" என்று கேட்கும் அதே முகம். அதைப் பார்த்தபடி அந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார்.

ஏப்ரல் 22, புதன்

சொல்லிவிட்டேன்.

முதலாளி காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் சர்வீஸ், கூட மெக்கானிக் யாரும் இல்லை, அவரே போயிருக்கிறார். லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். படியேறினேன். மொட்டை மாடியில் மோட்டார் அறை. கிரீஸ் வாசனை, அனல். முதலாளி கம்பிவடத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்கும்மா இங்க? ஆபீஸ்ல யாரு?"

மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மைத்துனர், கமென்ட், நலமா, அக்கா, தனிச்செய்தி. அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். முதல் பதிவிலிருந்து படித்தார். மெதுவாக, ஒன்று விடாமல்.

"இது நான் அந்தம்மாகிட்ட சொன்னது."

"ஆமா சார்."

"கண்ணாடி விஷயம்... இதுவும் நான் சொன்னதுதான்."

"அந்த முதல் பதிவைத் தவிர எல்லாம் நீங்க சொன்னதுதான் சார். நான் எதையும் சேர்க்கல."

"இது?" விரலை வைத்துக் காட்டினார். "'நீங்கள் நலமா?' இதை நான் சொல்லலையே."

"இல்ல சார். அது நான்."

"'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்'?"

"அதுவும் நான்தான்."

"இதையெல்லாம் யாரு உன்னைக் கேக்கச் சொன்னா?"

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். கடைசியில் தனிச்செய்தியைப் படித்தார். என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு படித்தார். போனைத் திருப்பித் தந்தபோது என்னைப் பார்க்கவில்லை. ஸ்விட்சைப் போட்டார், மோட்டார் ஓடியது, லிஃப்டில் ஏறிக் கீழே போய்விட்டார்.

நான் படியிறங்கினேன்.

ஏப்ரல் 23, வியாழன்

முதலாளி வரவில்லை. அக்கா போன் செய்தார்.

"நேத்துல இருந்து யார்கிட்டயும் பேசல. போனை வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். ஆபீஸ்ல என்னம்மா ஆச்சு?"

அவரிடமும் சொன்னேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? எழுதினது சார் இல்லக்கா, நான்.

"அப்ப அவர் எழுதலையா?" என்று மட்டும் கேட்டார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்னும் வேலை இருக்கிறதா என்று தெரியாமலே வேலை பார்த்தேன். டீத்தூள் தீர்ந்துவிட்டது. வாங்குவதா வேண்டாமா?

வாங்கினேன்.

ஏப்ரல் 27, திங்கள்

முதலாளி வந்தார். பையை வைக்கும் முன்பே, "பாஸ்வேர்டு என்ன?" என்றார்.

மூடத்தான் போகிறார் என்று நினைத்துச் சொன்னேன். தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கூப்பிட்டார். கணினித் திரையில் அந்தத் தனிச்செய்தி. கீழே பதில் எழுதும் பெட்டி காலி.

"வீட்டுல தாள்ல எழுதி எழுதிப் பார்த்தேன். வரல. நீ நல்லா எழுதுவே. எழுது."

"என்ன சார் எழுதணும்?"

"அதான் தெரியலையே. நாலு வார்த்தை, நல்லதா."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "மாட்டேன் சார்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் மாட்டேன். "இத்தனை நாள் நான் எழுதினதே போதும். இது நீங்கதான் எழுதணும். நல்லா இல்லன்னாலும் பரவாயில்ல."

முறைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அழுத்தி, அடுத்ததைத் தேடி. நடுவில் ஒரு தடவை, "கேள்விக்குறி எங்க இருக்கு?" என்றார். காட்டினேன். அதைப் போட்டுவிட்டு யோசித்து அழித்துவிட்டார். கடைசியில் இவ்வளவுதான்:

"இதுவரை எழுதினது நான் இல்லை. ஆபீஸ்ல எழுதினாங்க. எனக்குப் போன வாரம்தான் தெரியும். இது நான். வா."

"அனுப்பட்டுமா சார்? இல்ல, முதல் வரி கொஞ்சம்..."

"நிஜம்தானே?"

அனுப்பினார். பட்டனை அழுத்திவிட்டு, சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

நான் என் இடத்துக்கு வந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு வரியும் ஏறவில்லை. மனுஷர் மனசு உடைந்து போயிருப்பாரே, ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பாரே, இனி எந்த ஜென்மத்தில் வருவார்...

உள்ளேயிருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். முதலாளி சிரிக்கிறார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"முதல் நாளே தெரியும் அத்தான். நீங்க என்னிக்கு யாரைப் பார்த்து நலமான்னு கேட்டிருக்கீங்க? ஆனா லிஃப்ட் பத்தின பேச்சு உங்களோடதுன்னும் தெரிஞ்சுது. எழுதுறவங்க எப்படியாவது உங்ககிட்ட காட்டுவாங்கன்னு நம்பித்தான் அன்னிக்கு அதை அனுப்பினேன். காட்டினவங்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்க. வரேன்."

ஆக, ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நாலு நாள் தூக்கம் போனது போனதுதான். யாரிடம் போய்க் கேட்பது?

மே 5, செவ்வாய்

வந்தார்.

நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். முதலாளி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தலை நரைச்சிடுச்சு" என்றார் முதலாளி.

"உங்களுக்குத் தலையே காணோம் அத்தான்."

அப்புறம் இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். நல்ல வேளை, அங்கே கருகிப்போன ரிலே ஒன்று கிடந்தது, லிஃப்டை ஓட்டி நிறுத்துகிற சின்ன மின்சுவிட்ச். அதை எடுத்து, "இது எப்படிப் போச்சு?" என்று கேட்டார் அவர். அவ்வளவுதான். இரண்டு பேரும் அதன்மேல் குனிந்து, மின்னழுத்தம், ஈரம், மட்டமான சரக்கு என்று ஆரம்பித்தவர்கள் நிமிரவே இல்லை. நான் வைத்த டீ ஆறிப்போனது. புதிது போட்டு வைத்தேன். அதுவும் ஆறியது.

நடுவில் அவர், "அத்தான், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"சரியாத்தான் சொன்னே. நின்னுட்டேன்" என்றார் முதலாளி. "நீ பண்றதை நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன். நீ பொருத்தின அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் நல்லா உட்கார்ந்திருக்கு. போய் ஏறிப் பார்த்தேன்."

"எப்ப?"

"அது எதுக்கு உனக்கு?"

மைத்துனர் குனிந்து ரிலேயைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இரட்டைக் கோபுர விஷயத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பொருத்துவது அவர்கள், பராமரிப்பது நாங்கள் என்று பேச்சு ஓடியது. அது முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, "இவ்வளவு நல்லா எழுதுறீங்க, எங்க கம்பெனிக்கு வந்துடுங்களேம்மா" என்றார்.

"டேய்" என்றார் முதலாளி. "மறுபடியும் என் ஆளைத் தூக்கறதுக்கா வந்தே?"

அந்த இரண்டு மெக்கானிக்குகளும் வந்து அறையில் நின்ற மாதிரி இருந்தது. அவர் முதலாளி முகத்தையே பார்த்தார். முதலாளியின் உதடு கோணியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் நான் மூச்சு விட்டேன்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்று முதலாளி சாவியை எடுத்தார். "நீ வர்றதை உன் அக்காகிட்ட இன்னும் சொல்லல. கண்டபடி திட்டுவா. நீ முன்னால போ."

நானும் வர வேண்டும் என்று இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். போன் அடித்தது. யாரோ நான்காவது மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்க போங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். "பயப்படாதீங்க. நின்ன லிஃப்ட் உங்களைக் காப்பாத்திட்டு இருக்கு" என்றேன். நானே சொல்லிப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

மே 6, புதன்

அக்கா போன் செய்தார். பத்து நிமிஷம் திட்டினார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட சாப்பிட வா" என்றார்.

மே 19, செவ்வாய்

முதலாளி சொல்லிவிட்டார். "இனிமே என் பேர்ல நான் எழுதிக்கறேன். நீ உன் பேர்ல எழுது."

எனக்கென்று ஒரு கணக்கு. பெயருக்குக் கீழே என்ன வேலை என்று கேட்கிறது. கணக்கு, போன், புகார், டீத்தூள் எல்லாவற்றையும் ஒரே வரியில் எப்படிச் சொல்வது? "மக்கள் தொடர்பு மேலாளர்னு போடுங்க அண்ணி" என்கிறாள் நாத்தனார். முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "போட்டுக்க" என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "அதுக்கு என்ன சம்பளம்னு அடுத்த மாசம் பேசுவோம்" என்றார்.

படம் இவர் எடுத்தார். சிரித்தேன். யாரும் சொல்லாமலே.

ஜூன் 12, வெள்ளி

காலையிலிருந்து மழை. புகார் போன்கள் ஓயவில்லை. மதியம்தான் தளத்தைத் திறந்து பார்க்க நேரம் கிடைத்தது.

முதலாளி எழுத ஆரம்பித்ததிலிருந்து வாசகர்கள் குறைந்துவிட்டார்கள். அவருக்குக் கவலையில்லை. இந்தத் தளத்தை ஆபீஸ் அறிவிப்புப் பலகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாத்தனார் தலையில் அடித்துக்கொள்கிறாள். இன்று காலை அவர் போட்டிருக்கும் பதிவு, எழுத்துக்கு எழுத்து:

"மழை. புதுக் கோபுரத்தில் மோட்டார் அறை ஜன்னல் திறந்திருக்கிறது. சாப்பிட்டாயா?"

இரண்டே லைக். ஒன்று அக்காவுடையது. இன்னொன்றை இப்போதுதான் நான் போட்டேன்.

கீழே ஒரே ஒரு பதில்: "மூடியாச்சு அத்தான். இனிமேதான்."